பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

வா தாயி, உள்ள வா. குனிஞ்சு வா, நிலை தலையில இடிக்கும். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. நான் எந்திரிச்சு உக்காரலைன்னு தப்பா நினைக்காத. இடுப்புக்குக் கீழ எனக்கு ஒண்ணும் கிடையாது. கால் ரெண்டும் இருக்கு, பேருக்கு.

யாருன்னு சொன்ன? சோலையப்பன் மகளா? நாகஜோதியா நீ? அடேயப்பா, ஆளே அடையாளம் தெரியல. அப்ப நீ எட்டாவதோ ஒம்பதாவதோ படிச்சிக்கிட்டிருந்த. அப்பனுக்குக் காரியம் முடிஞ்ச மறு மாசமே உங்கம்மா உன்னைக் கூட்டிக்கிட்டு சிவகாசிக்குப் போனா. அதுக்கப்புறம் இந்த ஊர்ப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கல. நான் குறை சொல்ல மாட்டேன். இங்க இருந்தா, வாசலைத் திறந்தா அந்த உசரத் தண்ணித் தொட்டிதான கண்ணுல படும். எனக்கு வேற வழியில்ல. படுத்த இடத்துல இருந்து சன்னல் வழியா அதைத்தான் பார்த்துக்கிட்டுக் கிடக்கேன், ஒம்பது வருசமா.

உங்கம்மா சீனியம்மா எப்படியிருக்கா? என்ன சொல்ற? சோறு திங்கிறதில்லையா? மெதுவாச் சொல்லு, அழுகாத. கல்யாண வீட்ல வச்சு எவளோ கேட்டாளா? என்னான்னு? “வெள்ளத்தாயி பேர் சொல்லிக் கூப்பிட்டா, அவ புருசன் பொழச்சுக்கிட்டான். நீ ஏண்டி கூப்பிடாம நின்ன?”ன்னா? அதுல இருந்து ஆறு மாசமா உங்கம்மா “கூப்பிட்டிருக்கணும், கூப்பிட்டிருக்கணும்”னு சுவத்தைப் பார்த்துச் சொல்லிக்கிட்டே உக்காந்திருக்காளா?

எவ தாயி அவ? கல்யாணத்துக்கு வந்தமா, இலையில போட்டதைத் தின்னமான்னு போக வேண்டியதுதான? கூப்பிட்டதால நான் பொழச்சேனாம்! கேட்டியா கதையை. கூப்பிட்டதாலதான் தாயி நான் விழுந்தேன். எழுபதடி. அந்தா தெரியுது பாரு, அந்தத் தொட்டிக்கு அடியில வட்டமா ஒரு விளிம்பு ஓடுதுல்ல, அங்கன இருந்து.

நல்லவேளை எங்கிட்டயே கேக்க வந்த. வெள்ளத்தாயி குழாயடிக்குப் போயிருக்கா. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி, வர நேரமாகும். அவ வர்றதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிடுறேன். அவ இருந்தா இந்தப் பேச்சே நடக்காது. நானும் ஒம்பது வருசமா அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். “கூப்பிட்டது தப்புதாங்க”ன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. வாயைத் திறக்க மாட்டேங்கிறா. கல்லுளிமங்கி.

சாரம் கட்டுற வேலையில எங்க கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. மேல நிக்கிறவனைக் கீழ இருந்து பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா அவன் குனிஞ்சு பார்ப்பான். குனிஞ்சு பார்த்தா தரை தெரியும். தரை தெரிஞ்சா கால் ஆடும். மேல நிக்கிறவனுக்குக் கை மட்டும்தான் தெரியணும், கையில இருக்கிற முடிச்சு மட்டும்தான் தெரியணும். அதனால கீழ நிக்கிறவுக ஒரு கல்லை எடுத்து நிலைக்கம்புல தட்டணும். நிலைக்கம்புன்னா மண்ணுல ஊனி நெட்டுக்குத்தலா நிக்கிற சவுக்குக் கம்பு. கீழ தட்டினா மேல நம்ம உள்ளங்கையில அந்த அதிர்வு வந்து நிக்கும். ஒரு தட்டுன்னா கயித்தை விடு. ரெண்டு தட்டுன்னா நில்லு. விடாம தட்டினா இறங்கு. இவ்வளவுதான் பாஷை. எங்க கூட்டத்துல கலவை சுமக்க வர்ற சித்தாளுக்குக்கூட மொத நாளே இதைச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் சும்மாட்டைக் கையில குடுப்போம்.

வெள்ளத்தாயிக்கும் சொன்னோம். உங்கம்மாவுக்கும் சொன்னோம். ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் வேலைக்கு வந்தாக. ரெண்டு பேரும் ஒரே சட்டியில கலவை மாத்துவாக, ஒரே மரத்தடியில சாப்பிடுவாக. கூடப் பொறந்தவுக மாதிரின்னு வச்சுக்கயேன். ஆனா குணத்தைப் பாரு. உங்கம்மா சொன்னா சொன்னபடி நிப்பா. இவ அப்படியில்ல.

அன்னைக்குத் தொட்டி வேலை முடிஞ்சு சாரத்தைப் பிரிச்சுக்கிட்டிருந்தோம். கட்டுறதைவிடப் பிரிக்கிறதுதான் தாயி ஆபத்து. நாம எதும்மேல நிக்கிறமோ அதையே அவுத்துக்கிட்டு இறங்கணும். உங்கப்பனும் நானும் மேல, மேற்குப் பக்கம். பலகையில நடுவாந்திரமா ரெண்டு பேரும் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நிக்கிறோம். அவன் முடிச்சை அவுக்க, நான் கம்பை வாங்கிக் கயித்துல இறக்கிக்கிட்டிருக்கேன். உங்கப்பன் கை இருக்கே, அப்படி ஒரு கை. நனைஞ்சு இறுகின முடிச்சைக்கூட ரெண்டு விரல்ல நெகிழ்த்திருவான். பீடி கேட்டான். “எறங்கித் தர்றேன்டா”ன்னேன். அவன் எங்கிட்ட கடைசியாக் கேட்டது அதுதான்.

கீழ மோட்டார் ரூமுக்குத் தளம் போட கலவை மெஷின் ஓடிக்கிட்டிருக்கு. காது கிழியுது. அப்ப ஜல்லி ஏத்தின லாரி ஒண்ணு பின்னால வந்து வடக்கு ஓரத்து நிலைக்கம்பை இடிச்சிருக்கு. கம்பு ஊனின குழியை விட்டுக் காலு பெயர்ந்து போச்சாம். எங்களுக்குத் தெரியாது. மேல எப்பவும் ஒரு ஆட்டம் இருக்கத்தான் செய்யும், காத்துன்னு நினைச்சோம்.

உங்கம்மா வடக்குப் பக்கம்தான் நின்னா. பார்த்துட்டா. பார்த்ததும் என்ன செஞ்சா தெரியுமா? கத்தல. கதறல. கல்லை எடுத்தா, ஓடிப்போய் அந்தக் கம்புல தட்டினா. விடாம தட்டினா. விரல் நசுங்கி நகம் கழண்டு விழுந்துச்சுன்னு சொன்னாக, அப்பவும் விடாம தட்டியிருக்கா. அதுதான் தாயி முறை. அவதான் வேலைக்காரி. எங்களுக்குக் கேக்கலைங்கிறது வேற விசயம். மண்ணுல நிக்காத கம்பு சத்தத்தை மேல ஏத்தாது. அது அவ குத்தமா? முறையை அவ செஞ்சா.

இவளும் பார்த்தா. பார்த்துட்டு என்ன செஞ்சா? தெக்குப் பக்கம் மணல் சலிச்சுக்கிட்டிருந்தவ சல்லடையைப் போட்டுட்டு, ஆத்து மணல் மலையாட்டம் குமிஞ்சு கிடக்கு, அதும்மேல ஏறி நின்னு “வீரணா”ன்னு கத்தினா.

எம்பேரைத்தான். “ஏங்க” இல்ல, “இந்தாருங்க” இல்ல, மொட்டையா “வீரணா”ன்னு. பதினாலு வருசம் எங்கூடக் குடும்பம் நடத்தினவ. அதுவரைக்கும் எம்பேர் அவ வாயில வந்ததில்ல. ரேஷன் கடையில புருசன் பேர் என்னான்னு கேட்டா பக்கத்துல நிக்கிறவளைப் பார்ப்பா, அவதான் சொல்லணும். அப்படிப்பட்டவ ஊரே பார்த்து நிக்க, ஆம்பளை கூப்பிடுற மாதிரி “ஏ வீரணா! இங்க வாடா! வாடா இங்க!”ன்னு.

டா போட்டாளா இல்லையான்னு பல பேர் பல விதமாச் சொல்வாக. போட்டா. எங்காதால கேட்டேன். மெஷின் சத்தத்தையும் மீறி அது ஒண்ணுதான் கேட்டுச்சு.

குனிஞ்சு பார்த்தேன். பார்க்கக் கூடாதுன்னு இருபத்திரெண்டு வருசமா இருந்தவன் பார்த்துட்டேன். எனக்கு வந்த கோவம் இருக்கே, கொலைக் கோவம். கையில இருந்த கம்பை உங்கப்பன்கிட்ட குடுத்துட்டு, “பிடிடா, இவளை என்னான்னு கேட்டுட்டு வர்றேன்”னு பலகையில தெக்க பார்த்து நடந்தேன். வையணும்னுதான் நடந்தேன். பத்தடி நடந்திருப்பேன். பலகையோட கடைசி நுனிக்கு வந்து, தெக்கு நிலைக்கம்பைப் பிடிச்சு, வாயைத் திறக்குறேன், பின்னால பலகை போயிருச்சு.

வடக்க இருந்து ஒவ்வொண்ணா உருவிக்கிட்டு வந்துச்சு. நடுவுல மொத்தமும் போச்சு, உங்கப்பன் கீழ, கம்பெல்லாம் அவன்மேல. கீழ முறுக்குக் கம்பி அடுக்கியிருந்தாக. அதைச் சொல்லலைன்னு நினைச்சுக்க. நான் பிடிச்சிருந்த கம்பு ஒண்ணுதான் கடைசியில நின்னுச்சு. அதுவும் சாஞ்சு சாஞ்சு வந்து, பாதியில என்னை உதறிருச்சு. மணல்ல போய் விழுந்தேன். இடுப்பு போச்சு. உசுரு போகல.

எவனைப் பார்த்தாலும், விழுகுறப்ப என்ன நினைச்சேன்னு கேக்குறான். சாமி தெரிஞ்சுச்சான்னு கேக்குறான். ஒரு மண்ணும் தெரியல. ‘பேர் சொல்லிட்டாளே’ன்னுதான் நினைச்சேன். தரைக்கு வர்ற வரைக்கும் அதுதான்.

பேப்பர்ல போட்டான். எழுபதடி உயரத்தில் இருந்து விழுந்தும் உயிர் பிழைத்த அதிசயத் தொழிலாளி. ஆஸ்பத்திரிக்கு ஆள் ஆளா வந்து பார்த்தாக. கொடுத்து வச்சவன்னாக. மறுபிறவின்னாக. ஒரு பொம்பளை எங்காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா, எனக்கு அது தெரியக்கூட இல்ல, பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கொடுத்து வச்சவனாம். ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு பொம்பளை கையை எதிர்பார்த்துக் கிடக்கிறவன் கொடுத்து வச்சவன்! சோலையப்பன்தான் கொடுத்து வச்சவன். உன்கிட்ட சொல்லக் கூடாது, ஆனா வாய் வருது. அவன் ஒரு நிமிசத்துல போயிட்டான்.

ஒரு இஞ்சினியர் வந்தான், விசாரிக்க. லாரி இடிச்சதாலதான் சாரம் சரிஞ்சதுன்னு எழுதிட்டுப் போனான். அவன் என்னைக்காவது சாரத்துல ஏறியிருப்பானா? லாரி இடிக்கிறதெல்லாம் தினப்படி நடக்கிறது. நான் சொல்றேன் கேட்டுக்க. ரெண்டு ஆளு நடுவுல சேர்ந்து நின்னா பாரம் ஓரிடத்துல அமர்ந்திருக்கும். ஒருத்தன் பத்தடி நடந்தா பாரம் மாறும். பாரம் மாறுச்சு, சாரம் போச்சு. நான் ஏன் நடந்தேன்? இவ கூப்பிட்டா. கூப்பிடாம இருந்திருந்தா நான் ஏன் அங்க போகப் போறேன்? நின்ன இடத்துலயே நின்னிருப்பேன், உங்கப்பன் பக்கத்துலயே.

ஏன் தாயி அப்படிப் பார்க்குற? ஆமா, பக்கத்துலன்னா பக்கத்துலதான். கையை நீட்டினா தொடுற தூரம். சொன்னேனே, தோளோட தோள். ஏன் மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது? தண்ணி வேணுமா? அந்தா குடத்துல இருக்கு, மோந்து குடி.

இவளைப் பத்தி ஊர்ல வேற மாதிரிதான் பேசுவாக. வெள்ளத்தாயி மாதிரி பொண்டாட்டி யாருக்கு வாய்ப்பான்னு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா என்னைப் புரட்டிப் போடுறா, அது உண்மைதான். ஒம்பது வருசத்துல முதுகுல ஒரு புண்ணு கிடையாது. டாக்டரே வேற நோயாளி வீட்டாளுகளைக் கூட்டிவந்து காட்டினார், பாருங்க இப்படிப் பார்த்துக்கிடணும்னு. செய்வா, ஏன் செய்ய மாட்டா? குத்தமுள்ள மனசு. குத்தம் செஞ்சவதான் இப்படி விழுந்து விழுந்து செய்வா. சும்மா பாசத்துல எவ ஒம்பது வருசம் பீ அள்ளுவா? தூக்கத்துல சில நேரம் “அண்ணே, அண்ணே”ன்னு முனகுறா. உங்கப்பனைத்தான் அவ அண்ணேம்பா. பார்த்தியா, உறுத்துது. எம்பேரை மட்டும் கத்தினா, அவனைக் கூப்பிடல. அதுக்கும் சேர்த்துத்தான் உறுத்துதோ என்னமோ.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே சொல்லிட்டேன். இனிமே நீ என்னைக் கூப்பிடக் கூடாது. பேரும் வேண்டாம், ஏங்கவும் வேண்டாம். என்ன வேணும்னாலும் கட்டில் காலைத் தட்டு. சாப்பாட்டுக்கு ஒரு தட்டு. புரட்டிப் போட ரெண்டு தட்டு. முறையை இப்பவாவது பழகட்டும். சரின்னுட்டா. இன்னை வரைக்கும் தட்டுறா. ஒரு கரண்டி வச்சிருக்கா, அதுக்குன்னே.

மொத மாசம் ஒரே ஒருக்கா எதுத்துப் பேசப் பார்த்தா. நான் வஞ்சுக்கிட்டிருக்கேன், “அது அப்படியில்ல, நான் கூப்பிட்டதாலதான் நீங்க”ன்னு ஆரம்பிச்சா. அப்ப பார்த்து உங்கம்மா வாசல்ல வந்து நின்னா, ஊரை விட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போக. கையில பெரிய கட்டு, நசுங்கின விரலுக்கு. அவளைப் பார்த்ததும் இவ வாயை மூடினவதான். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்ல. நான் என்ன வஞ்சாலும் பதில் கிடையாது. எதுத்துப் பேசினாக்கூட ஒரு மனுசிகிட்ட சண்டை போட்ட திருப்தி இருக்கும். சுவத்தோட எத்தனை நாள் சண்டை போடுறது? எனக்கும் அலுத்துப் போச்சு தாயி. சத்தியமா அலுத்துப் போச்சு.

அதனால நீ போய் உங்கம்மாகிட்ட சொல்லு. வீரணன் சொன்னான்னு சொல்லு. நீ செஞ்சதுதான் சரி, கூப்பிடாததுதான் சரி, கூப்பிட்டவதான்...

வந்துட்டா. எவ்வளவு நேரமா வாசல்ல நிக்கிற? குடத்தை இறக்கி வை. யாருன்னு தெரியுதா? சோலையப்பன் மக. சீனியம்மாவுக்கு முடியலையாம், சோறு இறங்கலையாம். கல்யாண வீட்ல எவளோ ‘நீ ஏன் கூப்பிடல’ன்னு கேட்டுட்டாளாம். கூப்பிட்டிருந்தா புருசன் பொழச்சிருப்பானோன்னு அதையே நினைச்சு நினைச்சுக் கரையுறாளாம். கேட்டியா? நீ செஞ்ச வேலை எங்க வந்து நிக்குது பாரு. இப்பவாவது இந்தப் புள்ளைக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுடி. எனக்காக வேண்டாம், அவ அம்மாவுக்காகவாவது சொல்லு.

என்ன? என்ன சொன்ன?

சத்தமாச் சொல்லு. அவ கையை ஏன் பிடிக்கிற, வாயால சொல்லு.

கேட்டுக்க தாயி! நல்லாக் கேட்டுக்க! “நான் கூப்பிட்டதாலதான் அவர் விழுந்தாரு”ங்கிறா. “நான் கூப்பிடாம இருந்திருந்தா ரெண்டு பேருமே இறங்கி வந்திருப்பாக, உங்கப்பாவும் வந்திருப்பாரு”ங்கிறா. “உங்கம்மா செஞ்சதுதான் சரி, நான்தான் கெடுத்தேன், வெள்ளத்தாயியே சொன்னான்னு சொல்லு”ங்கிறா. இந்த வீட்ல நான் ஒரு பைத்தியக்காரனாட்டம் கத்திக்கிட்டுக் கிடந்தேனே, இப்ப அவ வாயாலயே வந்துருச்சு! சாட்சிக்கு நீ இருக்க. ஊர்ல போய்ச் சொல்லு. அந்த இஞ்சினியரைக் கூப்பிட்டுச் சொல்லு.

அழுகிறியா வெள்ளத்தாயி? அழு. இதை அன்னைக்கே சொல்லியிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும். ஒம்பது வருசம்! ஒரு வார்த்தைக்கு.

ஆனா சொல்லிட்டாளேன்னு மனசுக்குள்ள ஒண்ணும் குளுந்து போகல. அது ஏன்னு தெரியல. வரும்னு காத்துக்கிட்டிருந்தது வந்துருச்சு, வந்தா இவ்வளவுதானான்னு இருக்கு.

கிளம்பிட்டியா தாயி? இரு, காப்பி குடிச்சிட்டுப் போ. பஸ்ஸுக்கு நேரமிருக்கு. கண்ணைத் துடைச்சுக்க. உங்கம்மாவுக்கு இனிமே ஒண்ணுமில்ல, அதான் அவளே சொல்லிட்டாளே, போய் அப்படியே சொல்லு.

ஏய், ஏய், என்ன பண்ணுற நீ? எந்திரி. எந்திரி தாயி. அவ சொன்னதைக் கேட்டதான? உங்கப்பனைக் கொன்னவ காலைப் பிடிச்சுக்கிட்டு எதுக்கு இப்படி அழுகுற? விழுந்தவன் இங்க கிடக்கேன்.